காற்றுப் படாத விதை

செட் மாத்திரை என்றால் என்னவென்று மருந்தாளுநர் படிப்பில் சொல்லித்தர மாட்டார்கள். அதைக் கடையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஆள் வந்து "காய்ச்சலா இருக்கு, ஒரு செட் கொடுங்க" என்பார். நான் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, காலையில் ஒரு உறை, ராத்திரி ஒரு உறை என்று சொல்லிக் கொடுப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது ஒன்றாவது அதில் கட்டாயம் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கோவில்பட்டியில் இப்படித்தான் கடை நடத்தினேன். வடிவு கைக்கு எந்தக் காய்ச்சலும் நிற்காது என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

ஆதிமூலத்துக்கு நான் செட் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தங்கக்கிளி பஸ்ஸில் அவர் டிரைவர். எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போய்வருகிற வண்டி. காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு என்றார். மூன்று நாளைக்கு ஆறு உறை கட்டினேன். வயிறும் கெட்டிருக்கிறது என்பதால் வழக்கமானவற்றோடு மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரையையும் சேர்த்தேன். உடம்பில் வேறு ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் நான் கேட்கவில்லை என்பது மாறிவிடாது.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அவர் மனைவி பொன்மாரி கடைக்கு வந்தாள். தலைசுற்றலுக்கு மாத்திரை வேண்டும் என்றாள். யாருக்கு என்றேன். அவருக்குத்தான், காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் காலையில் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்படியே வண்டிக்கும் போய்விட்டார் என்றாள். நான் அட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் போகாமல் கல்லாப்பெட்டி ஓரத்தையே தடவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். யார்கிட்டயும் சொல்லிராதீக. அவுகளுக்கு வயித்துக் கரண்டு வெச்சிருக்கு."

என் கை அப்படியே நின்றுவிட்டது.

வயிற்றுக் கரண்ட் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இருதயம் மெதுவாக அடிக்கிறவர்களுக்குத் தட்டிக்கொடுக்கிற கருவிதான். பழைய கருவிக்கு பேட்டரி தீரும்போதெல்லாம் நெஞ்சைக் கீற வேண்டும். இதற்கு பேட்டரியே கிடையாது. பெருங்குடலில் ஒரு மெல்லிய கம்பி வலையை ஒட்டவைத்து, அதன்மேல் ஒரு ஜாதிக் கிருமியைக் குடியேற்றிவிடுவார்கள். நாம் தின்றதில் மிச்சத்தைத் தின்று அது கரண்ட் கொடுக்கும், அந்தக் கரண்டில் இருதயம் ஓடும். மனிதன் சாப்பிடுகிறவரை கருவி நிற்காது என்பதுதான் விளம்பரம். ஆனால் வைத்துக்கொண்டவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பீயில் ஓடுகிற நெஞ்சு என்று டீக்கடையில் சிரிப்பார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்கள். டிரைவர் என்றால் அன்றைக்கே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆதிமூலம் வருஷா வருஷம் கம்பெனிக்கு இன்னொருவருடைய ஈசிஜி தாளைத்தான் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கருவிக்காரர்களுக்கு ஒரே ஒரு தடை உண்டு. கிருமியைக் கொல்லும் மாத்திரை உள்ளே போகவே கூடாது. நான் கட்டிக் கொடுத்த ஆறு உறையில் ஐந்து அதற்குள் உள்ளே போயிருந்தது.

அவருக்குப் போன் போட்டால் கண்டக்டர் பையில் மணி அடிக்கும். ஓட்டும்போது டிரைவர் போனைத் தொடக் கூடாது என்பது முதலாளி அய்யாதுரையின் கட்டளை. கண்டக்டரும் எடுக்கவில்லை. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, இந்த ஊரில் இருக்கிற ஒரே இருதய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிப் பொன்மாரியை அங்கே போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். அந்த வண்டி விளாத்திகுளத்திலிருந்து திரும்புகிற நேரம். எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம் கரிசல் காட்டு நடுவே எதிரில் வந்தது. கொஞ்சம் இடமும் வலமுமாக வருகிறதோ என்று எனக்குத் தோன்றியது. பயத்திலும் அப்படித் தோன்றியிருக்கலாம். ஸ்கூட்டரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி இறங்கிக் கையைக் காட்டினேன்.

வண்டி நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி, அம்மாவுக்கு ரோடு எழுதி வைத்திருக்கிறதோ என்று ஆரம்பித்தான். நான் டிரைவர் பக்க ஜன்னலுக்குப் போனேன். ஆதிமூலத்தின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. பின்னால் ஐம்பது தலை எட்டிப் பார்க்கிறது. எல்லார் காதிலும் விழும்படி, பொன்மாரி கீழே விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, இறங்குங்கள் என்றேன். அவர் என்னையே பார்த்தார். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். ஸ்டாண்ட் பதினொரு கிலோமீட்டர்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, அவர் காதுக்கு மட்டும் சொன்னேன். "பொன்மாரி சொல்லிட்டா. நான் கொடுத்த மாத்திரையில உங்க வயித்துக்குள்ள எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. இறங்குங்க."

அவர் இன்ஜினை அணைத்தார். இறங்கி நாலு எட்டு வைத்தவர் ஐந்தாவது எட்டில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பாரு என்று ஜன்னலோரத்தில் ஒரு அம்மா சொன்னது கேட்டது. காலியாக வந்த லோடு ஆட்டோவை மறித்து அவரைப் பின்னால் ஏற்றினேன். வழியெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, ஒரு தடவை முப்பத்திரண்டு. இடையில் ஒரு துடிப்பு வராமல் போனபோது விரலை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அமலி. முப்பத்தைந்து வயது இருக்கும், தூத்துக்குடிக்காரி, பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. ஆதிமூலத்தின் நெஞ்சில் இரண்டு பட்டையை ஒட்டி வெளியிலிருந்தே மின்சாரம் கொடுத்து இருதயத்தை அடிக்க வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது, பல்லைக் கடித்துக்கொண்டார். இது வலி, தோலும் வெந்துபோகும், சாயங்காலத்துக்கு மேல் தாங்காது என்றாள். பேட்டரி கருவியை உடனே வைக்க முடியாதா என்று பொன்மாரி கேட்டாள். ரத்தத்தில் இன்னும் காய்ச்சலின் மிச்சம் இருக்கிறது, இப்போது நெஞ்சுக்குள் புதுக் கம்பி நுழைத்தால் கிருமி இருதயத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றாள். பிறகு நோயாளி பக்கம் குனிந்தாள்.

"ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

ஆதிமூலம் என்னைப் பார்த்தார். "இல்ல டாக்டர். பாராசிட்டமால் மட்டுந்தான்."

பொன்மாரியும் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ரத்த அழுத்த அட்டவணையைப் பார்த்தேன். நீங்கள் யார் என்று டாக்டர் என்னைக் கேட்டபோது, தெரிந்தவள் என்றேன். லைசென்ஸ், கடை, இருபத்திரண்டு வருஷப் பெயர், எல்லாம் அந்த ஒரு கணத்தில் கண் முன்னால் வந்தது. அவரே இல்லை என்கிறாரே, நாம் ஏன் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு எண்ணம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அப்படியானால் வயிற்றுப்போக்கில்தான் கிருமி கழுவிக்கொண்டு போயிருக்கிறது, மறுபடி விதைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று அமலி முடிவு செய்தாள். அந்தக் கிருமியை அடைத்த குப்பியை அவர்கள் விதை என்பார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டரைக்கு அதைக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்தில், திரையில் கரண்ட் அளவைக் காட்டுகிற பச்சைக் கோடு மேலே ஏற வேண்டும்.

காத்திருக்கும்போது பொன்மாரி, உள்ளே என்னதான் நடக்கிறது டாக்டர், ஆறு வருஷமாகக் கூடப் படுத்து எழுந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அமலி கோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நாம சாப்பிட்டது உடம்புல எரியும்போது எலக்ட்ரான்னு ஒண்ணு கழிஞ்சு வரும். அதை யார் தலையிலயாவது தள்ளிவிட்டாத்தான் அடுத்ததை எரிக்க முடியும். நாம ஆக்ஸிஜன் தலையில தள்ளுறோம். மூச்சு விடுறதே அதுக்குத்தான்."

"குடல்ல ஏது காத்து?"

"இல்ல. அதனால அங்க இருக்கிற உயிர் வேற ஆளைத் தேடும். சிலது கந்தகத்துக்கிட்ட தள்ளும். இந்தக் கிருமி ஆத்துச் சேத்துக்குள்ள இருந்தது. அது இரும்புக்கிட்ட தள்ளும். நாம இரும்புக்குப் பதிலா கம்பியைக் காட்டியிருக்கோம். அது தள்ளிவிடுறதுதான் உங்க வீட்டுக்காரருக்குக் கரண்ட். காத்து பட்டா சோர்ந்துபோயிடும், அவ்வளவுதான்."

பொன்மாரி தலையை ஆட்டினாள். எனக்கோ எப்போதோ பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. மெட்ரோனிடசோல் எல்லாக் கிருமியையும் கொல்லாது. காற்றில்லாத இடத்தில் வாழ்வதைத்தான் தேடிப் பிடிக்கும். அந்தக் கிருமி தள்ளிவிடுகிற எலக்ட்ரானைத் தானே வாங்கிக்கொண்டு, அதன் வயிற்றுக்குள்ளேயே விஷமாகிவிடும். காலையில் விழுங்கிய மாத்திரை அவர் உடம்பில் இன்னும் இருக்கிறது. அதற்குள்தான் இந்த ஆஸ்பத்திரியின் ஒரே விதையைக் கொட்டியிருக்கிறார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பச்சைக் கோடு கொஞ்சம் ஏறியது. ஒருவேளை பிழைத்துக்கொள்ளும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை மணிக்குக் கோடு சரிந்து, பழைய இடத்துக்கும் கீழே போய்ப் படுத்தது. படுக்கையில் ஆதிமூலம் ஒவ்வொரு அதிர்வுக்கும் முனகிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் மெடிக்கல் கடை வெச்சிருக்கேன். அவருக்கு ஞாயித்துக்கிழமையில இருந்து மெட்ரோனிடசோல் கொடுத்தது நான்தான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடைசி உறை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். ஆறு மணிக்கு, காப்பி குடித்துவிட்டு என்றாள் பொன்மாரி. அமலி கணக்குப் போட்டாள். "பன்னிரண்டரைக்குச் சொல்லியிருந்தா அந்த விதையை நான் வெளியிலயே எடுத்திருக்க மாட்டேன்," என்றாள். அடுத்த விதை சென்னையிலிருந்து நாளைக் காலையில்தான் வரும். வந்தாலும் மருந்து முழுக்க இறங்கியிருக்காது. அதுவரை இந்த நெஞ்சு தாங்காது.

பொன்மாரி என் பக்கம் திரும்பவே இல்லை. அது போதுமான தண்டனையாக எனக்குத் தெரியவில்லை.

அமலி கருவி செய்த கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒவ்வொருவர் கருவியும் கரண்ட் அளவைக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அங்கே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: இந்த ஊரிலேயே ஒருவருக்குப் போன மாதம் இதேபோல் கரண்ட் படுத்து, இரண்டு நாளில் தானாக எழுந்திருக்கிறது. அவரும் ஏதோ மாத்திரை விழுங்கியிருக்க வேண்டும். அவர் குடலில் இருப்பது அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த கிருமி. அதை எடுத்து இவருக்கு விதைத்தால் நிற்கும். பெயரைத் தர முடியாது. அவரிடம் தாங்களே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

"வருவாரா டாக்டர்?" என்றேன்.

"இந்த ஊர்ல பதினேழு பேருக்கு இருக்காம். ஒருத்தர்கூட வெளியில சொன்னதில்லை. வந்தா நாலு பேருக்குத் தெரியும். நீங்களா இருந்தா வருவீங்களா?"

பதில் சொல்ல எனக்கு அருகதை இல்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்த மாதிரி மாத்திரையால் தேறின கிருமி இன்று உதவப்போகிறது என்று பெருமைப்படாதீர்கள், அந்தத் தாங்கும் சக்தியை அது பக்கத்துக் கிருமிக்கெல்லாம் கற்றுக்கொடுக்கும், நாளைக்கு உண்மையான வியாதி வரும்போது எந்த மருந்தும் கேட்காது என்றாள். நான் சரி என்றேன். 

மூன்றரை ஆயிற்று, நான்கு ஆயிற்று. நெஞ்சுப் பட்டையின் கீழே தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. மின்சாரத்தை இன்னும் ஏற்றினார்கள். பொன்மாரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

நாலே காலுக்கு வந்தது தங்கக்கிளி முதலாளி அய்யாதுரையின் கார். நடுரோட்டில் வண்டியை விட்டதற்கு டிரைவரைத் திட்ட வருகிறார் என்று நினைத்து, தடுப்பதற்காகவே வாசலுக்குப் போனேன். அவர் என்னைத் தாண்டி நேராக டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் அமலி வெளியே வந்து, நர்ஸிடம் காற்றுப் புகாத பையையும் நைட்ரஜன் உருளையையும் கேட்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன மாதம் பல்வலிக்கு ஒரு செட் என்று அவருடைய வீட்டு வேலையாள் என் கடையில் வந்து வாங்கிப் போயிருந்தான். பல்வலி செட்டில் மெட்ரோனிடசோல் இல்லாமல் இருக்காது.

எடுத்ததை வெளிக்காற்று படாமல் அடுத்த நிமிஷமே செலுத்த வேண்டும். அதனால் ஆதிமூலம் கிடந்த அறையிலேயே ஒரு திரையை இழுத்து, அந்தப் பக்கம் இன்னொரு கட்டிலைப் போட்டார்கள். எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை பை எங்கோ கசிகிறது என்று உள்ளே குரல் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

ஐந்தரைக்கு அய்யாதுரை வெளியே வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எதிரில் எழுந்து நின்ற பொன்மாரியிடம், தைரியமா இரு தாயி என்றார். என்னருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வடிவு, நான் என் டிரைவரைப் பார்க்க வந்தேன். பார்த்தேன். போறேன்."

ஏழு மணிக்குப் பச்சைக் கோடு எழுந்தது. எட்டு மணிக்கு நெஞ்சுப் பட்டையைக் கழற்றினார்கள். பொன்மாரி அழுதாள். நானும் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் நானே எல்லாவற்றையும் எழுதி மருந்து ஆய்வாளரிடம் கொடுத்தேன். ஆறு மாதம் கடை திறக்கக் கூடாது என்றார்கள். வியாழக்கிழமை ஆதிமூலம் வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தங்கக்கிளி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. உடல்தகுதியை மறைத்துப் பணியாற்றியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். கீழே அய்யாதுரையின் கையெழுத்து.

பொன்மாரி மறுபடி என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். முதலாளி ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்து பார்த்த நல்ல மனுஷன், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மனசு இரங்குவார், எங்களுக்காக இதையாவது செய்யுங்கள் என்றாள். போனேன். அய்யாதுரை என்னை உட்காரச் சொன்னார். தினமும் அறுபது பேர் அந்த வண்டியில் ஏறுகிறார்கள், அன்றைக்கு ஸ்டியரிங்கிலேயே அவன் தலை சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே சொல் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வேறு வேலையாவது கொடுக்கலாமே என்றேன்.

"ஆபீஸ்ல வெச்சா தினம் என் மூஞ்சிக்கு நேரா நிப்பான். என்னால முடியாது வடிவு. தையில என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எதையும் துருவிப் பார்க்கிற ஆளுங்க."

கோபத்தோடு எழுந்து வந்துவிட்டேன். நேரே ஆதிமூலம் வீட்டுக்குத்தான் போனேன். பொன்மாரி குழாயடிக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்து இவரைக் கொல்லப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அதைச் செய்ய மாட்டேன் என்று முடிவு கட்டித்தான் உள்ளே நுழைந்தேன்.

"உங்களுக்கு விதை கொடுத்தது யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்க்கா."

எப்படித் தெரியும் என்றேன்.

"மயக்கத்துல கிடந்தாலும் காது கேட்டுச்சு. பதினோரு வருஷம் அவர் வண்டி ஓட்டியிருக்கேன். திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுனது யாருன்னு எனக்குத் தெரியாதா?" தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். "பொன்மாரிக்குச் சொல்லல. நீங்களும் சொல்லாதீக."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரிடம் இருப்பதுதானே உங்களிடமும் இருக்கிறது, அவர் மட்டும் முதலாளியாக உட்கார்ந்து உங்களை வெளியே தள்ளுவாரா, ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள், வேலை தானாகத் திரும்பி வரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஊர்ல இன்னும் பதினஞ்சு பேரு இருக்காங்களாமே. நான் வாயைத் திறந்துட்டா, அடுத்தவன் இப்படிக் கிடக்கும்போது யாரு வருவாக்கா?"

குடத்தோடு பொன்மாரி உள்ளே வந்தாள். முதலாளி என்ன சொன்னார் என்று கேட்டாள். வேறு ஆள் போட்டுவிட்டாராம் என்றேன்.